பரிமளா ஓகே போடாத தட்டு

பரிமளா இறந்த செய்தி எனக்குக் கம்பெனி பஸ்ஸில் வந்தது. என் பக்கத்தில் அவள் சீட் காலியாக இருந்தது. லீவு போட்டிருப்பாள் என்று நினைத்தேன். ராயக்கோட்டை தாண்டுவதற்குள் போன் வந்துவிட்டது. வீட்டில் மயங்கி விழுந்த பரிமளாவை ஓசூரில் காட்டி, பெங்களூருக்குக் கொண்டுபோயும் பிழைக்கவில்லை. ஒரு டாக்டர் இதயம் என்றாராம். இன்னொருவர் அப்படித் தெரியவில்லை என்றாராம்.

சாவு வீட்டில் அவள் மகள் யாழினி, “அத்தை, அம்மாவுக்கு என்ன ஆச்சு?” என்று கேட்டாள். பதில் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன். அன்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அதனால்தான், அவளோடு வேலை பார்த்த உங்களுக்கு இதை எழுதுகிறேன். எட்டாவதோடு நின்றவள் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சானமாவு காட்டிலிருந்து யானை ரோட்டில் இறங்கினால் பஸ்ஸை நிறுத்திவிடுவார்கள். நாமெல்லாம் லேட் ஆகுதே என்று புலம்புவோம். பரிமளா போனில் விண்வெளிச் செய்தி பார்ப்பாள்.

“பிரபஞ்சம் விரிஞ்சிட்டே போகுதாம் புள்ள. எவ்வளவு வேகம்னு ரெண்டு வழியில அளந்தா ரெண்டு கணக்கு வருதாம்.”

“எவனாவது தப்பா அளந்திருப்பான்” என்றேன் நான்.

“அப்படித்தான் நெனச்சாங்க. புதுசா பெரிய டெலஸ்கோப் அனுப்பியும் பாத்தாச்சு, வித்தியாசம் போகல. நமக்குத் தெரியாதது ஏதோ இருக்கோ என்னவோ.”

பின் சீட்டு மஞ்சுளா, “அது விரிஞ்சா விரியட்டும்டி, மொதல்ல உன் பைய மடியில வை. இங்க எடம் பத்தல” என்றாள். பஸ்ஸே சிரித்தது. பரிமளாவும்தான்.

இன்ஸ்பெக்‌ஷன் டேபிளில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஒரே பீஸ், அளவு பார்க்கும் கேஜ் இரண்டில் இரண்டு அளவு காட்டியது. மாதக் கடைசி வேறு. “எதுல பாஸ் ஆகுதோ அத எழுதும்மா” என்றார் சூப்பர்வைசர். “தெரியாததுக்கு எப்படி சார் ஓகே போடறது?” என்று பரிமளா, அனுப்பக் கூடாது என்பதற்கான சிவப்பு டேக் கட்டி, பீஸ் இருந்த தட்டைத் தனியே எடுத்து வைத்துவிட்டாள். அவர் கத்தினார். அவள் டேக்கை அவிழ்க்கவில்லை. கேஜ் இரண்டையும் சோதித்தார்கள். எது தப்பு என்று கடைசிவரை தெரியவில்லை.

“இத நெனச்சா உனக்குத் தூக்கம் வருதாடி?” என்று கேட்டேன்.

“வரலதான். அதுக்காக இல்லாதத எழுத முடியுமா?”

காரியத்தன்று யாழினி மறுபடி கேட்டாள். கண்ணு பட்டுடுச்சு என்றார் ஒருவர். சாமி கூப்பிட்டுக்கிச்சு என்றார் இன்னொருவர். “அம்மா நட்சத்திரமாயிட்டா கண்ணு” என்றாள் அவள் பெரியம்மா.

“நட்சத்திரம்னா எரியற வாயுன்னு அம்மா சொல்லிச்சே” என்றபடி பிள்ளை என்னைப் பார்த்தாள்.

அவளை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தேன். “அம்மாவுக்கு என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியலடா. டாக்டருங்களுக்கும் சரியா தெரியல.”

பெரியம்மா முறைத்தாள். யாழினி அதுவரை அழாத பிள்ளை. என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

பரிமளாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது ‘தெரியல’ என்ற அந்த ஒரு சொல். அது மனதை ஆற்றவில்லை, இப்போதும் தவிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைச் சொன்னபின் அந்தப் பிள்ளையை விட்டு நான் எழுந்து போகவில்லை.