பேரித் தோட்டத்து க்ளெனிஸ்

பத்துக்குப் பத்து. இந்த எண்ணை ஞாபகத்தில் வையுங்கள்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கே க்ளெனிஸ் பர்டி எங்கள் விடுதிச் சமையலறையில் மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருப்பார். கத்தி பிடிக்கத் தெரியாது. பாதிக் கிழங்கு தோலோடு போகும். ஆஸ்திரேலியாவின் ஷெப்பர்ட்டன் பக்கத்துப் பேரிக்காய்த் தோட்டங்களில் வேலை செய்ய டோங்காத் தீவுகளிலிருந்து வந்திருக்கும் எங்கள் ஆட்கள் அறுபது பேருக்கு அவர்தான் மனநல ஆலோசகர். வயது ஐம்பத்தாறு. கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி, காலில் சேறு பூசிய பூட்ஸ். டவுனில் அவருக்கு அறை உண்டு, மெத்தை நாற்காலி உண்டு, பூச்சாடியும் உண்டு. எங்கள் ஆள் ஒருவனும் அந்தப் படி ஏறவில்லை. கை வேலையாக இருந்தால்தான் எங்களுக்கு வாய் திறக்கும் என்று புரிய அவருக்கு ஒரு சீசன் முழுக்கப் பிடித்தது.

வந்த புதிதில், நல்லது கெட்டதுக்கு நாங்கள் கட்டுவதுபோல இடுப்பில் பாய் சுற்றிக்கொண்டு பழம் அடுக்கும் கொட்டகைக்கு வந்து நின்றார். "யாருக்குக் கல்யாணம்? இல்ல, யாராவது செத்துட்டாங்களா?" என்று பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முகம் சிவந்தது. ஆனால் ஓடவில்லை. அவிழ்த்து மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு, "சரி, எப்பக் கட்டணும்? சொல்லுங்க" என்றார். இருபத்திரண்டு வருடம் இங்கே எங்கள் தொழிலாளர் சங்கம் நடத்தியவன் நான். தப்பு என்று சொன்னால் காது கொடுத்துக் கேட்ட ஆட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அந்தப் பத்து, லிசியாட்டே சொன்னது. தேவாலயத்தில் கூரை அதிரப் பாடுகிறவன். போன ஜூலையில் பாட்டை நிறுத்தினான். தட்டில் பாதியை நாய்க்குப் போட்டான். வேலை முடிந்ததும் கால்வாய்க் கரையில் போய்த் தண்ணீரையே பார்த்துக்கொண்டு தனியாக உட்கார்ந்தான். எங்களுக்குப் பயம் வந்துவிட்டது. க்ளெனிஸ் அவனைக் கூப்பிட்டார். மனசுவிட்டுப் பேச அவனுடைய இங்கிலீஷ் போதாது என்று, மொழிபெயர்க்க அவன் தங்கை லூப்பேயைப் பக்கத்தில் உட்காரவைத்தார். தூக்கம்? நல்லா. சாப்பாடு? நல்லா. பத்துக்கு எவ்வளவு நல்லா இருக்கீங்க? பத்து. லூப்பே தரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

மத்தியானம் சந்தோஷமாக என்னிடம் வந்தார். "பத்து சொல்றான், செமிசி!"

"கூட யாரு இருந்தா?"

"அவன் தங்கச்சி."

"கூடப்பொறந்தவளோட ஒரே ரூம்ல உக்காந்து எங்க ஆம்பள டிவிகூடப் பாக்க மாட்டான். அவ முன்னாடி அழுவானா? பத்துக்கு மேல இருந்தா அதையும் சொல்லியிருப்பான்!"

வேறொருவராக இருந்தால் கையேட்டை நீட்டியிருப்பார். க்ளெனிஸ் கண்ணாடியைக் கழற்றினார். "வேற எங்க சொதப்பினேன்?"

இது அவர் வாயில் தேய்ந்த வார்த்தை.

"நேருக்கு நேரா உக்காரவெச்சு மூஞ்சியப் பாத்துக் கேட்டிருப்பீங்க. பேசறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல."

"கேட்டிருக்கணும்."

லிசியாட்டேயின் பதில்களைக் குறித்திருந்த படிவத்தின் குறுக்கே பெரிய எழுத்தில் எழுதினார்: 'இந்தப் பதிலை நம்ப வேண்டாம். தவறு என்னுடையது.' கையெழுத்தும் போட்டார். நேரே கொட்டகைக்குப் போய் லூப்பேயிடம் மன்னிப்புக் கேட்டார். "அப்பாடா! அண்ணன் முன்னாடி எனக்கு மூச்சே முட்டிப்போச்சுக்கா" என்றாள் அவள்.

அதன்பின் என்னையும் இழுத்துக்கொண்டு, லிசியாட்டே கிளை வெட்டிக்கொண்டிருந்த தோட்டத்துக்குள் நடந்தார். "தம்பி, நீ பேசறப்ப யார் இருக்கலாம், யார் இருக்கக்கூடாது?" இப்போதெல்லாம் யாரிடம் பேசினாலும் அவர் கேட்கிற முதல் கேள்வி இதுதான். லிசியாட்டே தாடையால் என்னைக் காட்டினான். க்ளெனிஸ் ஒரு கத்தரியை வாங்கிக்கொண்டு மரத்தின் மறுபக்கம் போய்க் கிளை நறுக்க ஆரம்பித்தார்.

"ஐயோ, அதை விடுங்கக்கா! அதுலதான் காய் வரும்."

"அப்ப எதை வெட்டறது? நீயே காட்டு."

காட்டினான். மூன்று மரம் இப்படியே போனது. நாலாவது மரத்தில், கிளையைப் பார்த்தபடியே, பழைய கேள்வியை மறுபடி கேட்டார். பத்துக்கு எவ்வளவு?

நான் மொழிபெயர்க்க வாய் திறப்பதற்குள் லிசியாட்டே கையுறையைக் கழற்றினான். கிளைகளுக்கு நடுவே கையை நீட்டி, விரல்களைக் காட்டினான்.

இரண்டு.