கால் எட்டாத சைக்கிள்

போன வருஷம் ஐப்பசி மாதத் தொடக்கத்தில் நடந்தது இது. கோவில்பட்டியிலிருந்து விளாத்திகுளம் போகிற பக்கத்தில், மெயின் ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். கோவில்பட்டியில் ஒரு மருந்துக்கடையில் பார்மசிஸ்டாக வேலை பார்க்கிறேன். கடை திறக்கிற நேரத்துக்குத் தோதாக ஒரு மினி பஸ் வந்துகொண்டிருந்தது. கட்டுப்படியாகவில்லை என்று அதைத் திடீரென்று நிறுத்திவிட்டார்கள். அடுத்த பஸ்ஸில் நான் போய்ச் சேருவதற்குள் கடையில் கூட்டம் சேர்ந்துவிடும். கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்த முதலாளி, இப்படியே போனால் வேறு ஆள்தான் பார்க்க வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டார்.

என் கணவருக்குப் பஞ்சு மில்லில் ஷிப்ட் வேலை. தினமும் என்னைக் கொண்டுபோய் விட அவரால் முடியாது. ஸ்கூட்டர் பழகு என்று எல்லோரும் சொன்னார்கள். என் உயரம் நாலடி எட்டு அங்குலம். நாத்தனாரின் ஸ்கூட்டரை ஓட்டிப் பார்த்தேன். ஓடும்போது ஒன்றும் தெரியவில்லை, நிறுத்தினால் அதன் கனம் என்னை ஒரு பக்கமாகச் சாய்த்தது. அப்போதுதான் சைக்கிள் ஞாபகம் வந்தது. பிளஸ் ஒன் படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த சைக்கிளைக் கல்யாணம் வரைக்கும் ஓட்டியிருக்கிறேன். அதற்குப் பிறகு தொடவே இல்லை. இருந்தாலும் கால் மறக்காது என்று நம்பினேன்.

வீட்டில் சொன்னதும் கணவர் சிரித்தார். பிறகு, சரி வா என்று கோவில்பட்டியில் ஒரு சைக்கிள் கடைக்குக் கூட்டிப் போனார்.

கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். நல்ல உயரம். நாங்கள் உள்ளே நுழைந்ததும் கணவரைப் பார்த்து, "வாங்கண்ணாச்சி, பாப்பாவுக்கா?" என்று கேட்டார்.

"எனக்கு" என்றேன் நான்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மறுபடியும் கணவரிடமே திரும்பி, "அக்கா உசரத்துக்கு இது போதும்ணாச்சி" என்று ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார். ரோஸ் கலரில் கூடை, கைப்பிடியில் தொங்கும் குஞ்சம், செயின் கவரில் கிரீடம் வைத்த ஒரு பொம்மைப் பெண். நான் தினமும் மெயின் ரோட்டில் வேலைக்குப் போய் வர வேண்டும், அதுவும் எதிர்காற்றில். அந்தச் சின்னச் சக்கரத்தை மிதித்துக்கொண்டு போனால் ஒரே வாரத்தில் முழங்கால் போய்விடும். அதைச் சொன்னேன்.

"அப்பம் பெரியவியளுக்குள்ளது இதான்" என்று கியர் வைத்த உயரமான சைக்கிளைக் காட்டினார். சீட்டைக் கடைசி வரைக்கும் இறக்கினார். கணவர் பின்னால் பிடித்துக்கொள்ள, ஏறி உட்கார்ந்தேன். கால் கட்டைவிரல் மட்டும் தரையைத் தொட்டது. பிரேக்கைப் பிடிக்க விரல் நுனிதான் எட்டியது.

"கால் எட்டலையே" என்றேன்.

"பழகப் பழகச் சரியாயிரும்ணாச்சி." இதையும் அவரிடம்தான் சொன்னார்.

"இதுலயே சின்ன அளவு இல்லையா?"

"எல்லாம் ஒரே அளவுதான்க்கா வரும்."

ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். டயரில் அழுக்குப் பட்டால் வேறு யாரும் வாங்க மாட்டார்களாம். என் காலுக்குப் பொருந்துகிறதா என்று தெரிவதைவிட அவருக்கு டயர் முக்கியம். எனக்கு அங்கேயே எரிச்சல் வந்தது. ஆனால் கணவர், "அவரு இத்தன வருசமா இதே தொழில்ல இருக்காரு, அவருக்குத் தெரியாததா உனக்குத் தெரியப்போவுது?" என்றார். இருவரும் சேர்ந்து எனக்கு அந்த உயரமான சைக்கிளையே முடிவு செய்தார்கள். அதை வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

அந்தச் சைக்கிளில் போவது பெரிய பாடு இல்லை, நிற்பதுதான் பெரும் பாடு. எங்கே நிறுத்த வேண்டியிருந்தாலும் கால் ஊன்றுவதற்கு ஒரு கல்லோ பாலத்துச் சுவரோ தேடுவேன். இல்லாவிட்டால் ஓடும்போதே ஒரு பக்கமாகக் குதித்து இறங்குவேன். ஆட்டுக் கூட்டம் குறுக்கே வந்தால் நெஞ்சு பக்கென்று இருக்கும். வீட்டில் சொன்னால், "பழகிரும்" என்பார் கணவர். அந்த வார்த்தையைக் கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிறகு மழை பெய்தது. எங்கள் ஊர்ப் பாதை மெயின் ரோட்டில் சேருகிற இடத்தில், டிராக்டர்கள் கரிசல் சகதியை இழுத்துவந்து தார் ரோட்டில் அப்பி வைத்திருந்தன. கரிசல் மண் ஈரத்தில் எப்படி ஒட்டும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மட்கார்டுக்குள் மண் அடைத்துக்கொண்டு சக்கரம் இறுகியது. மெயின் ரோட்டில் ஒரு லாரி வருவதைப் பார்த்தேன். நின்றுவிடலாம் என்று விரல் நுனியால் பிரேக்கை இழுத்தேன். சைக்கிள் நின்றது. காலை ஊன்றினேன்.

காலுக்குக் கீழே தரை இல்லை.

அந்த ஒரு நொடியை என்னால் இன்றைக்கும் விளக்கிச் சொல்ல முடியவில்லை. படி இருக்கிறது என்று நம்பி வெறும் காற்றில் கால் வைத்த மாதிரி இருந்தது. அப்படியே சைக்கிளோடு சரிந்து ரோட்டின் மேல் விழுந்தேன். லாரியின் பிரேக் கிறீச்சிட்டது. நான் கண்ணைத் திறந்தபோது என்ஜின் சூடு முகத்தில் அடித்தது. அவ்வளவு பக்கத்தில் நின்றிருந்தது லாரி.

டிரைவர் கதவைத் திறந்துகொண்டு குதித்து ஓடிவந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். நான் சைக்கிளை விலக்கிவிட்டு நானாக எழுந்து நிற்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், சட்டென்று ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டார். என் முழங்காலில் ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் தண்ணீர் பாட்டிலை நான்தான் அவருக்குக் கொடுத்தேன்.

"பிரேக் பிடிச்சிருச்சு தாயி" என்றார். "பிடிச்சிருச்சு. பிடிக்கலேன்னா நான் இனிமே எப்படித் தூங்குவேன்?"

இதற்குள் பைக்கில் போன ஒருவர் வண்டியை நிறுத்தி, காலைக் கீழே ஊன்றியபடி எனக்குப் புத்தி சொன்னார்: "இந்த உசரத்துல இருந்துக்கிட்டு எதுக்கும்மா சைக்கிள்லாம்? பேசாம ஆட்டோல போவ வேண்டியதுதான?"

நான் பதில் சொல்வதற்குள் டிரைவர் எழுந்தார். "ஏலே, அந்தப் பிள்ள உசிரு பொழச்சு நிக்கி. என்ன ஏதுன்னு கேக்காம உசரத்த அளக்கியோ? போலே உன் சோலியப் பாத்துக்கிட்டு."

பைக் போய்விட்டது. டிரைவரே சைக்கிளைத் தூக்கி லாரியில் ஏற்றினார். என்னையும் ஏற்றிக்கொண்டு கோவில்பட்டி எல்லை வரைக்கும் வந்து இறக்கிவிட்டார். இறங்கும்போது, ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு ஊசி போட்டுக்கொள்ளும்படி மட்டும் சொன்னார்.

மருந்துக்கடைக்குப் போய்க் காயத்தைக் கழுவி மருந்து போட்டேன். பிறகு பின்பக்கக் குழாயில் சைக்கிளைக் கழுவினேன். சகதி போனதும், சீட்டுக் கம்பிக்குக் கீழே சட்டத்தில் ஒரு சின்ன ஸ்டிக்கர் தெரிந்தது. மருந்து அட்டையில் இருக்கிற பொடி எழுத்தைப் படிப்பதுதான் என் தொழில். கை தானாகவே அதைத் துடைத்தது. சைஸ் லார்ஜ் என்று போட்டிருந்தது.

சட்டைக்குப் போடுகிற மாதிரி சைஸ் போட்டிருக்கிறார்கள். அப்படியென்றால் மீடியம் இருக்கிறது. ஸ்மால் இருக்கிறது. போனில் அந்த மாடலைத் தேடிப் பார்த்தேன். இருந்தது. 'எல்லாம் ஒரே அளவுதான்க்கா வரும்' என்று என் முகத்துக்கு நேராகச் சொன்னாரே அந்த மனிதர்! அவரிடம் கையிருப்பில் ஒன்று நின்றது. அதைத் தள்ளிவிட என் தலைதான் கிடைத்திருக்கிறது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் சைக்கிளை உருட்டிக்கொண்டு அந்தக் கடைக்குப் போனேன். முழங்காலை மடக்க முடியவில்லை. ஆனால் வலி தெரியவில்லை. அவ்வளவு கோபம்.

நடந்ததைச் சொன்னேன். ஸ்டிக்கரைக் காட்டினேன். அவர் அதை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "விழுந்து எந்திரிச்சாத்தான்க்கா சைக்கிள். பழகப் பழக..."

"பழகப் பழகன்னு இனி ஒரு வார்த்தை சொல்லாதீங்க" என்றேன். என் சத்தத்தைக் கேட்டு எனக்கே ஆச்சரியம்.

அடுத்து அவர் செய்த காரியத்தைத்தான் நான் சாகும்வரை மறக்க மாட்டேன். நான் எதிரே நின்று பேசிக்கொண்டிருக்கும்போதே போனை எடுத்து என் கணவரைக் கூப்பிட்டார். "அண்ணாச்சி, அக்கா இங்கன வந்து நின்னு சத்தம் போடுதாவ. கொஞ்சம் என்னன்னு கேளுங்க" என்று சொல்லி, போனை என் பக்கம் நீட்டினார். பள்ளிக்கூடத்தில் சேட்டை செய்த பிள்ளையைப் பற்றி வீட்டுக்குச் சொல்லியனுப்புவார்களே, அதைப்போல.

போனில் கணவர், "என்னட்டி அங்கன பிரச்சினை? வீட்டுக்கு வா, பேசிக்கிடலாம்" என்றார்.

"ஓட்டுறது நான். நானே பேசிக்கிடுதேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பிறகு கடையில் நின்ற ஒரு கியர் சைக்கிளை இழுத்தேன். சீட்டுக்குக் கீழே இருந்த நெம்புகோலைத் தளர்த்தி, சீட்டை எவ்வளவு உயர்த்த முடியுமோ அவ்வளவு உயர்த்தி இறுக்கினேன். அவ்வளவு உயரமான மனிதருக்கே கால் எட்டாது.

"ஏறி உக்காருங்க" என்றேன். "ரோட்டுக்குப் போயி, பஸ்ஸோ லாரியோ வரும்போது அதுக்கு முன்னால நிறுத்திக் கால் ஊணிக் காட்டுங்க. நான் இங்கன நின்னு பாக்குதேன்."

"என்னக்கா விளையாடுதீங்க?"

"நீங்க என்னைய வச்சு விளையாடலியா? நான் மருந்துக்கடையில இருக்கேன். பெரியாளுக்குள்ள மாத்திரைய ஒரு கைப்பிள்ளைக்குக் குடுத்துட்டு, குடிக்கக் குடிக்கப் பழகிரும்னு சொன்னா என்னைய என்ன செய்வீங்க? சின்னது இல்லைன்னா இல்லைன்னு சொல்லியிருக்கணும். நான் வேற கடைக்குப் போயிருப்பேன். இன்னைக்கு நான் செத்திருந்தா, ஒண்ணும் அறியாத ஒரு டிரைவர் ஆயுசுக்கும் அதச் சொமந்திருப்பாரு. நீங்க இங்கன உக்காந்து அடுத்த ஆளுக்கு இதையே வித்துக்கிட்டு இருந்திருப்பீங்க."

கடையில் ஒருவர் தன் மகளுக்குச் சைக்கிள் பார்த்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே நுழையும்வரை அவரும் கடைக்காரரும்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் ஓரமாக நின்றிருந்தாள். அவர் என் முழங்காலைப் பார்த்தார். பிறகு மகளிடம், "நீ ஏறி உக்காந்து பாருட்டி. கால் எட்டுதா?" என்றார். அவள் ஏறினாள். எட்டவில்லை. இருவரும் வெளியே போனார்கள்.

அதற்குப் பிறகுதான் கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். மன்னிப்பு எல்லாம் கேட்கவில்லை. சைக்கிளைத் திருப்பி எடுத்துக்கொண்டார். மண் பட்டுவிட்டது, கீறல் விழுந்துவிட்டது என்று குறை சொல்லி, கொஞ்சம் பிடித்துக்கொண்டுதான் பணத்தைக் கொடுத்தார். முழுசாகக் கேட்டுச் சண்டை போட எனக்குத் தெம்பு இல்லை. அந்தக் கோபம் இன்னும் அப்படியே இருக்கிறது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்த கணவர் என் முழங்காலில் போட்டிருந்த கட்டைப் பார்த்துத் திகைத்துப்போனார். நடந்ததைச் சொன்னேன். "லாரிக்கு முன்னால விழுந்தியா? போன்ல ஏன் சொல்லல?"

"சொன்னா சிரிப்பீங்க."

அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கு இரக்கம் வரவில்லை. உண்மையைத்தான் சொல்கிறேன்.

காயம் ஆறியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருநெல்வேலிக்குப் போனோம். கடை கடையாக ஏறினேன். ஏறி உட்கார்ந்து இரண்டு காலையும் ஊன்றிப் பார்த்தேன். பிரேக்கை முழு விரலாலும் பிடித்துப் பார்த்தேன். சைக்கிளைத் தூக்கிப் பார்த்தேன். ஓட்டிப் பார்க்க விடாத கடையை விட்டு உடனே இறங்கினேன். ஒரு கடையில் ஆள் வழக்கம்போல என் கணவரிடம் திரும்பி, "அண்ணாச்சி..." என்று ஆரம்பித்தார்.

"ஓட்டப்போறது அவ. அவகிட்டச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, என் கணவர் வாசலில் போய் நின்றுகொண்டார்.

அந்தக் கடையில்தான் எனக்கான சைக்கிள் கிடைத்தது. நடுக்கம்பி தாழ்ந்து வளைந்த சட்டம். சக்கரம் ஒரு சுற்றுச் சிறியது, ஆனால் பிள்ளைகள் சைக்கிள் இல்லை. பிரேக் பிடியை என் விரலுக்குத் தகுந்தபடி உள்ளே தள்ளி வைத்துக் கொடுத்தார்கள். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே நல்ல இடைவெளி. கடைத்தெருவில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு நிறுத்தினேன். இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் இருந்தன. எனக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது. சந்தோஷத்தால் மட்டும் இல்லை. இது இத்தனை சுலபமாக இருந்திருக்கும்போது என்னை எதற்காக அந்தப் பாடு படுத்தினார்கள் என்ற ஆத்திரமும் சேர்ந்துதான்.

இப்போது தினமும் அதில்தான் வேலைக்குப் போய் வருகிறேன். பொம்பளைப் பிள்ளை சத்தம் போடக் கூடாது, பொறுத்துப் போக வேண்டும் என்று சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள். அன்றைக்கு அந்தக் கடையில் நானும் பொறுத்துப் போயிருந்தால், என் உடம்பில்தான் ஏதோ குறை என்று நம்பிக்கொண்டு, அடுத்த லாரி வரும்வரை பழகிக்கொண்டே இருந்திருப்பேன்.