தோள்மேல் இருந்த கை

காலை ஏழு மணிக்குள் மூன்று பேர் எனக்கு போன் செய்து, நான் "ஹலோ" என்றதும் வைத்துவிட்டார்கள். நான்காவது ஆள் மட்டும் வைக்கவில்லை. தி. நகர் சபா ஒன்றின் செயலாளர்.

"சார், நீங்களா பேசறீங்க?"

"பின்னே யார் பேசணும்?"

"இல்ல, சும்மாதான். உடம்பெல்லாம் சௌக்கியம்தானே?" என்றவர், டிசம்பர் கச்சேரி பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் முடித்துக்கொண்டார்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இரண்டு வாரமாக வீட்டுக்குள் குட்டி போட்ட பூனை மாதிரி நடந்துகொண்டிருந்தேன். நான் கஞ்சிரா வாசிப்பவன். பாடகர் நடுவில், வயலின் ஒரு பக்கம், மிருதங்கம் மறுபக்கம், அதற்கும் பின்னால் மேடையில் மிச்சம் கிடக்கும் இடம் என்னுடையது. மிச்சம் இல்லையென்றால் முதலில் இறக்கிவிடப்படுவதும் நான்தான். அதனாலேயே பெயர் விஷயத்தில் எனக்கு மூக்குக்கு மேல் கோபம். அழைப்பிதழில் என் பெயரைச் சின்ன எழுத்தில் போட்டால் இரண்டு நாள் சோறு இறங்காது.

அந்தப் பெயரோ ஊரில் பாதிப் பேருக்கு இருக்கிறது. இங்கே அதைச் சொல்லப்போவதில்லை. மயிலாப்பூர் குளத்தருகே நின்று உரக்கக் கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். இணையத்தில் தேடினால் தடை தாண்டும் ஓட்டக்காரர், சினிமா எடிட்டர், கேரம் ஆடும் ஒருவர், மீன்களை மட்டுமே வரையும் ஓர் ஓவியர் என்று வந்துகொண்டே இருக்கிறார்கள். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்துதான் நடுவில் இருக்கும் வேலி. அந்த எழுத்தும் ஒன்றாகவே அமைந்த ஒருவர் எனக்கு இருந்தார். நொச்சிக்குப்பத்துக்காரர். முன்னாள் கோல்கீப்பர், பிறகு அங்கேயே ஒரு கால்பந்து அணிக்குக் கோச்.

சில வருஷங்களுக்கு முன் அடையாறில் ஒரு குடியிருப்போர் சங்கம், கலைக்காகச் சிலரையும் விளையாட்டுக்காகச் சிலரையும் அழைத்துப் பொன்னாடை போர்த்தியது. எங்கள் இருவருக்கும் அழைப்பு வந்தது. பட்டியலைச் சரிபார்த்த புண்ணியவான், ஒரே பெயர் இரண்டு முறை வந்துவிட்டது என்று ஒன்றை அடித்துவிட்டார். மேடையில் பெயரைப் படித்ததும் இரண்டு பேர் ஏறினோம். பொன்னாடை ஒன்றுதான் இருந்தது.

எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. அவர் சிரித்தார். "இன்னா சார், பேரே ஒண்ணு, துணி மட்டும் எதுக்கு ரெண்டு? வாங்க, சேந்து போத்திக்கலாம்" என்று அதை விரித்து எங்கள் இருவருக்கும் சேர்த்துப் போர்த்தினார். நழுவாமல் இருக்க என் தோளில் கை வைத்துப் பிடித்துக்கொண்டார். பெரிய கை. சுண்டுவிரல் எப்போதோ உடைந்து கோணலாகவே கூடியிருந்தது. அப்படியே எங்களைப் படம் எடுத்தார்கள்.

போட்டோகிராபர் படத்தை எனக்கு அனுப்பினார். அதில் என் முகம் நன்றாக விழுந்திருந்தது. என் முகம் எதிலும் நன்றாக விழுவதில்லை. போனிலேயே அவரை வெட்டினேன். கை மட்டும் போகவில்லை. அதை வெட்டினால் என் தோளும் சேர்ந்து போனது. யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். அன்றிலிருந்து சபா அழைப்பிதழ்களிலும் இணையத்திலும் அந்தப் படம்தான்.

சங்கத்தின் கைங்கரியத்தால் எங்கள் போன் நம்பர்களும் கலந்துவிட்டன. "கோச், கிரவுண்டுக்கு வர்லியா?" என்று வாரம் ஒருவராவது கேட்பார். நான் "ராங் நம்பர்" என்று வைத்துவிடுவேன். ஒருமுறை அவரே கூப்பிட்டு, "சார், உங்களுக்கு வர்ற போன்லாம் எனக்கு வந்துக்கினு கீது" என்று ஆரம்பித்தார். கச்சேரிக்குக் கிளம்பும் அவசரத்தில் "அப்புறம் பேசலாம்" என்றேன். அடுத்த முறை தெரியாமல் எடுத்துவிடக் கூடாது என்று, அந்த எண்ணுக்கு "ராங் நம்பர்" என்றே பெயர் கொடுத்து வைத்தேன்.

செயலாளர் போனை வைத்த கொஞ்ச நேரத்தில் கீழ்வீட்டுக்காரர் படியேறி வந்து, மூச்சு வாங்கிக்கொண்டே தன் போனை நீட்டினார். நொச்சிக்குப்பத்துத் தெருமுனையில் ஆள் உயர பிளெக்ஸ். 'கண்ணீர் அஞ்சலி' என்று கொட்டை எழுத்து. மூலையில் நீர் சொட்டும் ஒரு கண். நடுவில் பொன்னாடையோடு சிரித்துக்கொண்டு நான். கீழே என் இனிஷியல், என் பெயர்.

சபா செயலாளர் இதைப் பார்த்திருக்கிறார், என் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்திருப்பார் என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. அப்படியானால் செத்தது யார் என்பது அதற்கப்புறம்தான் தோன்றியது. சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் அப்படித்தான் நடந்தது.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனேன். பிளெக்ஸுக்குக் கீழே அணி ஜெர்சியில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். இறங்கும்போதே கத்தினேன். "யார் கட்டினது இதை? முதல்ல அவுருங்க!"

ஒருவர் என்னைப் பார்த்தார், அண்ணாந்து பிளெக்ஸைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். "ஐயோ, இவருதான்டா அது. தப்பா நெனைச்சிக்காத சார். நேத்து சாயங்காலம் கோச் தவறிட்டாரு. நாங்கல்லாம் ஆஸ்பத்திரில கெடந்தோம். பிளெக்ஸ் கடைல பேரச் சொல்லி, போட்டோ நெட்ல எடுத்துக்கோன்னோம். அவனே பிரிண்ட் போட்டு, அவனே கட்டிட்டுப் பூட்டான்."

பேசிக்கொண்டே ஒருவர் கம்பத்தில் ஏறிவிட்டார். கயிற்றில் கை வைத்தபோது, "அண்ணா, அவுக்காத! எறங்கு!" என்று ஒரு குரல் வந்தது. இருபத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண், தலையை அள்ளி முடியாமல் ஓடி வந்தாள். கோச்சின் மகள்.

"மன்னிச்சிக்கோங்க சார்" என்றாள் என்னிடம். "காலைலயே அவுக்கறேன்னாங்க, நான்தான் வேணாம்னேன். அது எங்கப்பா கை."

அண்ணாந்து பார்த்தேன். அந்த அளவில் அது என் முகத்தைவிடப் பெரிதாகத் தெரிந்தது. கோணல் சுண்டுவிரல், நகத்தடியில் ஒரு தழும்பு. அத்தனை வருஷம் என் படத்தில் இருந்த கையை அன்றுதான் நான் பார்த்தேன். 

"மூணு மணிக்குத் தூக்கிடுவாங்க சார். அதுக்குள்ள அப்பா மூஞ்சி வேணும்" என்றாள். "மழைல வூட்டுக்குள்ள தண்ணி பூந்து அப்பாவோட பழைய போன், ஆல்பம் எல்லாம் போச்சு. டீம் போட்டோ எதுலயும் அவர் இருக்க மாட்டாரு, எடுக்கறதே அவருதான். என் போன்ல கீறதெல்லாம் சீக்குல எளைச்ச மூஞ்சி. ஆதார் கார்டுல கீறது யாருன்னே தெரியல. உங்ககூட எடுத்த போட்டோல சிரிச்சிக்கினு இருந்தேன்னு சொல்வாரு. மீதி போட்டோ உங்ககிட்ட இருக்கும்ல சார்?"

"இருக்கும்மா" என்றேன். இருக்கும் என்றுதான் நினைத்தேன்.

அங்கேயே நின்று போனைத் துழாவினேன். வெட்டின படம் பத்து இடத்தில் இருந்தது. வெட்டாதது ஒன்றுகூட இல்லை. மனைவியைக் கூப்பிட்டேன். "அன்னிக்கே சொன்னேன், ரெண்டு பேரும் இருக்கறதாவே இருக்கட்டும்னு. நீங்கதான் வெட்டிண்டு இருந்தேள். இப்போ என்னைக் கேட்டா?" என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை.

அடையாறுக்கு விரட்டினேன். ஒவ்வொரு சிக்னலிலும் என் விரல்கள் ஹேண்டில்பாரில் தாளம் போட்டன. சங்கத்து அலுவலகத்தில் விழா மலரை எடுத்துக் கொடுத்தார்கள். மற்றவர்கள் எல்லோரும் மேடைப் படத்தில் இருந்தார்கள். எங்கள் பெயர் இருந்த பக்கத்தில் மட்டும் நான் தனியாக, தோளில் ஒரு கையோடு இருந்தேன். நல்ல படம் அனுப்புங்கள் என்று அவர்கள் கேட்டபோது, நானேதான் அதை அனுப்பியிருந்தேன். கோச்சின் படம் கிடைக்கவில்லையாம். போட்டோகிராபருக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. தி. நகரில் அவர் ஸ்டூடியோவுக்கே போனேன். ரங்கநாதன் தெருக் கூட்டம் சாலை வரை வழிந்துகொண்டிருந்தது. அத்தனை பேரையும் வாய்க்குள் திட்டிக்கொண்டே மாடி ஏறினேன்.

"அவ்வளவு பழசையெல்லாம் வெச்சிக்கறதில்ல சார். டிஸ்க்கை அழிச்சாச்சு" என்றார் அவர். "உங்களுக்குத்தான் அன்னிக்கே அனுப்பிட்டேனே?"

படியிறங்கும்போது சபா செயலாளர் மறுபடி அழைத்தார். "ஆள் மாறிப்போச்சாமே சார்! நல்லவேளை. உங்க கச்சேரி அப்படியே இருக்கு. ரெண்டாம் வாரம், சாயங்கால ஸ்லாட்." இரண்டு வாரமாகக் காத்திருந்த வார்த்தை அது. "சரி" என்று வைத்தேன். மணி இரண்டே கால்.

நான் திரும்பியபோது தெருவில் பந்தல் போட்டிருந்தது, மேளக்காரர்களும் வந்திருந்தார்கள். தூரத்திலேயே என் முகத்தைப் பார்த்து அவளுக்குப் புரிந்துவிட்டது. "கெடைக்கலியா சார்?"

"இல்லைம்மா. எல்லா இடத்துலயும் கேட்டேன்" என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "முழுப் படம் என்கிட்டதான் இருந்தது. நான்தான் உங்கப்பாவை வெட்டினேன். நான் மட்டும் இருக்கணும்னு."

அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மடியிலிருந்த அப்பாவின் போனை எடுத்து எதையோ தேடி என்னிடம் காட்டினாள். என் நம்பர். 'நான் - மேளம்' என்று அவர் அதற்குப் பெயர் வைத்திருந்தார்.

"உங்களுக்கு வர்ற போன் எதையும் கட் பண்ண மாட்டாரு. 'நான் பந்து புடிக்கறவன்பா, வாசிக்கறவரு நம்பர் தரேன், எழுதிக்கோ'ம்பாரு. போன வாரம் ஆஸ்பத்திரில கெடக்கும்போதுகூட தி. நகர்லேந்து ஒருத்தரு கூப்ட்டாரு. கச்சேரியாம். மூச்சு வாங்கிக்கினே உங்க நம்பரச் சொன்னாரு."

என் போன் என் சட்டைப் பையில் இருந்தது. அதில் அவர் பெயர் என்னவென்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அதை மட்டும் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

இரண்டே முக்காலுக்கு அவள் எழுந்தாள். "அண்ணா, அதை அவுத்து எட்த்தாங்க. ஒரு பிளேடு குடு" என்றாள். பிளெக்ஸைக் கீழே இறக்கி விரித்தார்கள். ஆளுக்கொரு முனையாகப் பிடித்தார்கள். என் பக்கத்து முனை ஆளில்லாமல் சுருண்டுகொண்டது. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"நீங்க புடிங்க சார். நல்லா இழுத்துப் புடிங்க, இல்லன்னா கோணிக்கும்."

மண்டியிட்டுப் பிடித்தேன். பிளேடு என் நெற்றிக்கு மேலே இறங்கி, கன்னத்தைத் தாண்டி, கழுத்துக்கு வந்தது. அவசரப்படாமல் வெட்டினாள். என் சிரித்த முகம் தனியாகக் கழன்று மண்ணில் விழுந்தது. தோளுக்கு வந்ததும் பிளேடு நின்றது.

"இதை எடுத்தா அப்பா வெரல் போய்டும் சார்."

"தோள் இருக்கட்டும்மா" என்றேன்.

அந்தக் கையையும், அது பிடித்திருந்த என் தோளின் பகுதியையும், கீழே இருந்த எங்கள் பெயரையும் ஒரே அட்டையில் ஒட்டிப் பாடையின் முன்னால் கட்டினார்கள். மேளம் ஆரம்பித்தது. ஜெர்சி போட்டவர்களோடு நானும் ஒரு பக்கம் தோள் கொடுத்தேன்.