காதர் பாய் உயரத்துக்கு ஒரு ஓவன்

"மெஷின்ல ரிப்பேர் பாதிதான்டா, மீதி..." என்று என் சித்தப்பா ஏதோ சொல்வார். மீதி எதில் என்பது மறந்துபோய்விட்டது. மஸ்கட்டில் ஹோட்டல் சமையலறைகளில் மெக்கானிக்காக இருந்துவிட்டு ஊர் திரும்பி, திண்டிவனத்தில் கடை போட்டிருக்கிறேன். சுவரில் பதிக்கிற ஓவனைத் தேர்ந்து கொடுப்பது, பொருத்துவது, பழுது பார்ப்பது என் பிழைப்பு. ஆசை ஆசையாக ஓவன் வாங்கி, அதற்குள் எவர்சில்வர் தட்டுகளை அடுக்கி வைத்திருக்கும் அன்பர்களே, வெட்கப்படாதீர்கள். என் வீட்டு ஓவனில் இருப்பது மல்லாட்டை டப்பா, அதாவது வேர்க்கடலை.

தேர்வு

கோட்டக்குப்பத்தில் நூர்ஜகான் அக்கா புது வீடு கட்டினார். கணவர் காதர் பாய் சவூதியில், தம்மாமில் ஒரு ரொட்டிக் கடையில் பேக்கர். "இங்க வேலைய முடிச்சுக்கினு வந்துடுறேன், வீட்டுலயே பன்னு போட்டுக் கடைங்களுக்குக் குடுப்போம்" என்று வீடியோ காலில் சொல்லி, ஓவனையும் அவரே பார்த்துத் தேர்ந்தெடுத்தார்.

ஓவனின் தட்டு, அதில் வேலை செய்கிறவரின் முழங்கை நேருக்கு இருக்க வேண்டும். இல்லையென்றால் கையைச் சுட்டுக்கொள்வார்கள். அக்கா குள்ளம். அவர் அளவுக்குச் சுவரில் பென்சில் கோடு போட்டேன். முந்தானையால் அதை அழித்துவிட்டு, தன் தலைக்கு மேலே கையைத் தூக்கிக் காட்டினார். "அவங்க இவ்ளோ உயரம். அவங்க முழங்கைக்கு வைங்க தம்பி, நான் ஸ்டூல் போட்டுக்கறேன்."

பராமரிப்பு

அடுத்த வருஷம் சர்வீஸுக்குப் போனபோது ஓவன் பளபளவென்று இருந்தது. ஒருமுறைகூடச் சூடு ஏற்றவில்லை. கடல் காற்று அடிக்கிற ஊர். சும்மா கிடந்தால் சூடேற்றும் கம்பிச்சுருளில் ஈரம் ஏறும். மாதம் ஒருமுறை காலியாகவாவது சூடு பண்ணச் சொன்னேன். காற்றுப் போகிற சந்தில் அக்கா பழைய கைலியைத் திணித்திருந்தார். உருவி எடுத்தேன்.

"பல்லி உள்ள பூந்துடுது தம்பி" என்றார். அப்புறம் மெதுவாக, "முதல் சூடு அவங்க கையால ஏறட்டும். எத்தினி வருஷமா ஊரானுக்கே சுட்டுக்கினு கெடக்குறாங்க."

பழுது

இந்த வருஷம் பாய் வந்தார், சக்கர நாற்காலியில். அங்கேயே பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. வந்த மறுநாள் அக்கா அவர் கையைப் பிடித்து ஓவன் சுவிட்சைப் போட, வீடு முழுக்கக் கரண்ட் போய்விட்டது.

நான் பயந்த ஈரம்தான். கம்பிச்சுருளை மாற்றினேன். "இப்ப திறந்து பாருங்க பாய்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். நாற்காலியை நகர்த்தி வந்து இடது கையை நீட்டினார். விரல் கண்ணாடியைத் தொட்டது. அதற்கு மேலிருந்த கைப்பிடி எட்டவில்லை.

"கீழ இறக்கிடுங்க தம்பி" என்றார் பாய்.

"வேணாம்" என்றார் அக்கா. "மூணு மாசத்துல நிப்பாங்கன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

"உன்கிட்ட சொன்னாரு. என்கிட்ட சொல்லலியே" என்று பாய் சிரித்தார். "நூரு, ஒரு கையாலயும் மாவு பிசையலாம். இப்ப என் உயரம் இவ்ளோதான்."

அக்கா அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். "நீங்களே சொல்லுங்க தம்பி. நிக்கிறவருக்குத்தானே அளவெடுத்தோம்?"

இந்தத் தொழிலில் அளவெடுப்பது சுலபம், யார் சொல்கிற அளவுக்குச் சுவரை உடைப்பது என்பதுதான் பேஜாரு. பையிலிருந்து பென்சிலை எடுத்து, நாற்காலியில் இருந்த பாயின் முழங்கை நேருக்குச் சுவரில் கோடு போட்டேன்.