குழாயடிப் புல்வெளி

மழை விட்டதும் எம்.கே.பி. நகர்ப் பூங்காவில் ஒருவர் புல்விதை தூவிக்கொண்டிருந்தார். அடிக்கு அடி அவர் செருப்பில் சேறு அப்பியது. திருவொற்றியூரில் நாங்கள் இருந்த வீடும் நைனாவும் நினைவுக்கு வர, நின்ற இடத்திலேயே சிரித்துவிட்டேன்.

நைனா ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். வெள்ளைக்கார மேனேஜர் பங்களாவின் புல்தரைமேல் ஆசைப்பட்டு, வாசலில் அம்மா போட்டிருந்த கீரைப் பாத்தியை ஒரு ஞாயிறன்று கொத்திப் போட்டார். அன்றோடு அம்மா அவரிடம் பேச்சை நிறுத்தினாள். சோற்றுத் தட்டுகூட என் கையில்தான் போகும்.

அவர் விதை வாங்கி வந்த அன்று நல்ல மழை. மண் களியாகக் கிடந்தது.

"காயட்டும் நைனா" என்றேன்.

"ஈரத்துல போட்டாத்தாம்மே புடிக்கும்" என்று இறங்கினார்.

பிடித்தது அவர் காலைத்தான். விதையும் சேறும் சேர்ந்து ஒட்டி, பாதம் யானைப் பாதமாகப் பருத்தது. கடைசியில் வழுக்கி, விதைக் கூடையின்மேலேயே குப்புற விழுந்தார். எழுந்து நேராகத் தெருக் குழாயடிக்குப் போய், தலை முதல் கால் வரை கழுவினார்.

வாசலில் ஒரு புல்லும் முளைக்கவில்லை. குழாயடியைச் சுற்றிப் பச்சைப்பசேலென்று வளர்ந்தது. நைனா அசரவில்லை. மாலையில் நாற்காலியை அங்கே போட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார்.

"இன்னாண்ணே, கொடம் வெக்க எடம் வுடு" என்று பெண்கள் கத்தினார்கள்.

"புல்ல மிதிக்காதீங்கம்மா" என்றார்.

அம்மா ஒரு கையில் டீயும் மறுகையில் குடமுமாக வந்தாள்.

"இந்தாய்யா தொர, குடிச்சிட்டு எந்திரி. நான் தண்ணி புடிக்கணும்."

நைனா டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, குடத்தை அவரே வாங்கிக் குழாயடியில் வைத்தார்.