மதுரை வரை போய் ஒளிந்த கதை

எதையும் படித்தே சரிசெய்துவிடலாம் என்ற நினைப்பு எனக்கு உண்டு. தூக்கமும் பசியும் போய், காரணமில்லாமல் அழுகை வந்தபோதும் புத்தகங்களைத்தான் புரட்டினேன். ஒரு வரியும் மண்டையில் ஏறவில்லை. மனைவிதான் மனநல மருத்துவரிடம் போகச் சொல்லிப் பிடிவாதம் பிடித்தாள். காரைக்குடியில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று மதுரைக்குப் போனேன். மருத்துவர் கொடுத்த மாத்திரையை ஐந்து நாள் விழுங்கியும் ஒன்றும் மாறாததால், மனைவிக்குத் தெரியாமல் நிறுத்திவிட்டேன்.

அடுத்த முறை முகக்கவசத்தோடு காத்திருந்தபோது, பக்கத்து முகக்கவசம் இருமியது. எங்கள் தெருவில் தினமும் கேட்கிற இருமல் அது: மளிகைக்கடை காதர் பாய். நான் திரும்பியதும் அவரும் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

“அண்ணே, நீக எங்க இங்குட்டு?”

“நீங்க வந்த காரணந்தான் பாய். ஊருக்குத் தெரியக் கூடாதுல்ல?”

சிரித்தார். மாத்திரையை நிறுத்தியதைச் சொன்னதும் சிரிப்பு நின்றது.

“அஞ்சு நாள்ல என்னத்தக் கண்டீக? எனக்குத் தூக்கம் வரவே மூணு வாரமாச்சு. டாக்டர்ட்ட மறைக்காமச் சொல்லிருங்க. அவருகிட்டயும் ஒளியவா இம்புட்டுத் தூரம் வந்தீக?”

சொன்னேன். மருத்துவர் திட்டவில்லை. அந்த மாத்திரை வேலை செய்ய ஏன் வாரக்கணக்காகிறது என்று தாளில் மூளையை வரைந்து விளக்கினார். நான் கேள்விமேல் கேள்வி கேட்டேன்.

வெளியே வந்தபிறகுதான் உறைத்தது. ஒன்றைத் தெரிந்துகொள்ளும் ஆசை பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் எனக்கு வந்திருந்தது.