பால்குடம் போன கரும்புப் பாதை

1957 மே 12, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. எங்கள் தீவின் சேன் பியேர் ஊரில் பேருந்துக்காக நின்றிருந்த என்னருகே, செம்மண் படிந்த ஆஸ்டின் கார் ஒன்று வந்து நின்றது. ஓட்டி வந்தவர் முப்பது வயதுப் பெண்.

"அக்கா, அந்தச் சின்னப் பாதை எங்க போகுது?" என்று தீவின் பேச்சுமொழியான க்ரியோலில் கேட்டார்.

"எங்கயும் போகாது. கரும்புக்குள்ள போய் முடிஞ்சிடும்."

"முடியிற இடத்தத்தான் பாக்கணும். ஏறுங்க, பஸ் இப்ப வராது."

அவர் பியெரெட் சவிரிமுத்து, ரோஸ் ஹில் அலுவலகமொன்றில் தட்டச்சர், கத்தோலிக்கர். 'அக்கா' போன்ற சில சொற்களே அவரிடம் எஞ்சியிருந்த தமிழ். நெடுஞ்சாலையில் ஓட்டுவது தட்டச்சு வேலையின் தொடர்ச்சி என்பார். ஞாயிறுதோறும் கரும்பு வண்டிப் பாதைகளில் நுழைவார். பாதை ஆற்றில் முடிந்தால் பின்னோக்கியே ஓட்டி வருவார். பள்ளி ஆசிரியையான நானும் உடன் செல்லலானேன். ஒருமுறை பாம்ப்ளமூஸுக்குப் புறப்பட்டு, அவ்வூரைக் காணாமலே மாலையில் திரும்பினோம். அவருக்கு அதில் சிறிதும் வருத்தமில்லை.

1961இல், டைபாய்டிலிருந்து என் மகன் மீண்டதற்காகத் தைப்பூசத்தன்று பால்குடம் எடுக்க நேர்ந்திருந்தேன். பால் திரியாமல் முருகனைச் சேர்ந்தால்தான் வேண்டுதல் ஏற்கப்பட்டது என்பது எங்கள் நம்பிக்கை. அன்று ரோஸ் ஹில் கோயிலுக்குச் செல்லும் பேருந்து வரவில்லை, வெயில் ஏறிக்கொண்டிருந்தது. என்னை வழியனுப்ப வந்த பியெரெட் காரின் கதவைத் திறந்தார். நான் தயங்கினேன். விரத நாள்களில் இறைச்சி பட்ட இடத்தில் பால்குடம் வைப்பதில்லை. அவரோ அந்தக் காரிலேயே உண்பவர்.

"பயப்படாதீங்க. உங்க கொடி ஏறின நாள்லேருந்து இதுக்குள்ள ரொட்டியும் வெண்ணெயுந்தான்."

புறப்பட்டதும் கரும்புப் பாதையில் திருப்பினார்.

"பெரிய ரோட்டிலேயே போயேன், பியெரெட்."

"அங்க அத்தனை காரும் ஊர்வலத்துக்குப் பின்னால நிக்குது. வெயில்ல நின்னா முருகனுக்குத் தயிர்தான். செம்ப மடியில பிடிச்சுக்குங்க."

மாமர நிழலில், பள்ளங்களைச் சுற்றிச் சுற்றி ஓட்டினார். ஓரிடத்தில் தோட்டக் காவலாளி பாதையின் குறுக்கே சங்கிலி போட்டிருந்தார்.

"மாம்ஸெல், இது தோட்டத்து ரோடு. அனுமதி இருக்கா?"

"பால் இருக்கு, தொந்தோன்" என்று மாமா முறை வைத்து அழைத்தார். "திரிஞ்சா இந்த அக்கா உங்க பேரத்தான் சாமிகிட்ட சொல்லுவாங்க."

"ஒவ்வொரு வாரமும் உங்கிட்ட ஒரு கதை இருக்கு" என்று அலுத்துக்கொண்டே காவலாளி சங்கிலியை அவிழ்த்தார். செம்பைக் கண்டதும் தொப்பியையும் கழற்றினார்.

பால் திரியவில்லை. அபிஷேகம் முடிந்து வெளியே வந்து, இதற்கு என்ன செய்வேன் என்று கேட்டேன்.

"செப்டம்பர்ல நாங்க சேந்த்-க்ருவாவில இருக்கிற எங்க பழைய பாதிரியார் கல்லறைக்கு யாத்திரையா நடப்போம். ஒரு வருஷம் எங்கூட வாங்க."

"கட்டாயம் வர்றேன்."

"முதல்ல நல்ல செருப்பா வாங்குங்க."

அவ்வாண்டு மாமியார் நோயுற்றார், அடுத்த ஆண்டு தேர்வுத்தாள்கள், பிறகு ஏதேதோ. பியெரெட் ஆண்டுதோறும் தம் தாயுடன் நடந்தார். அடுத்து வரும் ஞாயிறன்று, கொப்புளம் கண்ட கால்களோடு வந்து எனக்காகக் கார்க் கதவைத் திறப்பார்.

தீவின் விடுதலையை முடிவுசெய்த 1967 தேர்தலுக்குப்பின், வருங்காலத்துக்கு அஞ்சிப் பலரும் வெளியேறியபோது, அவர் குடும்பமும் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற முடிவு செய்தது. இங்கே அவருக்கு வாய்த்த கடைசிச் செப்டம்பரில், யாத்திரைக்கு முந்தைய ஞாயிறு முழுவதும் நாங்கள் கரும்புப் பாதைகளில் சுற்றினோம். பேச்சுக்குக் குறைவில்லை. நான் தரவேண்டிய அந்த நடையை மட்டும் அவர் கேட்கவேயில்லை.